புது வண்டியின் வீச்சம்

நான் அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்தவள். அதிலும் பல வருடம் அவசரப் பிரிவில். சீழ், ரத்தம், வாந்தி என்று எதைக் கண்டும் முகம் சுளிக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். அப்படிப்பட்ட எனக்கு, குளிர்சாதனம் ஓடும் ஒரு ஷோரூமில், துடைத்துத் துடைத்துப் பளபளவென்று நிறுத்திவைத்த வண்டிக்குள் குமட்டிக்கொண்டு வந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். என் கணவரே முதலில் நம்பவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தோம். கணவருக்கு ரயில்வே அலுவலகத்தில் வேலை. இரண்டு பெண்கள், பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது, சின்னவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். எஸ்.யூ.வி. என்ற பெயரெல்லாம் அப்போது எங்கள் வாயில் வராது. ஃபோர் வீல் என்போம். அலுவலகத்தில் கணவருடன் வேலை பார்க்கும் ஒருவர் ஃபோர் வீல் வாங்கி, ஒரு நாள் மத்தியானம் இவரையும் அதில் ஏற்றிச் சாப்பிடக் கூட்டிப்போய்விட்டார். அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"மேல உக்காந்து பாத்தா ரோடே வேற மாதிரி இருக்கு. நம்ம கார்ல போறது பாய்ல உக்காந்து போற மாதிரி இல்ல?" என்றார்.

நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் கார். அன்றிலிருந்து அதன் கதவைச் சாத்தும்போதெல்லாம் வேண்டுமென்றே பலமாகச் சாத்துவார். பள்ளி விடுமுறைக்குத் தெலுக் இந்தானில் இருக்கும் அவருடைய பெற்றோரைப் பார்க்கப் போனால், திரும்பி வரும்போது அவர்களையும் ஏற்றிக்கொள்ள இடம் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவருடைய பெற்றோர் ஒருமுறையும் எங்களோடு வரவேண்டும் என்று கேட்டதில்லை.

விஷயம் கிள்ளானில் இருந்த என் அண்ணன் காதுக்குப் போயிற்று. அண்ணன் லோரி வைத்துத் தொழில் செய்பவன். கிள்ளானில் அவனுக்குத் தெரியாத ஆள் கிடையாது, தெரிந்த எல்லோரிடமும் அவனுக்கு ஏதாவது ஒரு வேலை ஆகவேண்டியிருக்கும். அப்பா காலமான பிறகு என்னைக் கட்டிக்கொடுத்தவன் அவன்தான். அதனால் அவன் பேச்சுக்கு எங்கள் வீட்டில் ஒரு மரியாதை இருந்தது. தொலைபேசியில் என் கணவரிடம் சொன்னான்:

"மாப்ள, எனக்கு வேண்டிய பையன் ஒருத்தன் ஷோரூம்ல இருக்கான். புது வண்டிலா. ஒரே ஒரு யூனிட், உங்களுக்குன்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழம வாங்க, பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, சாமி கும்பிட்டு, கோயிலுக்குப் போவதுபோல் நால்வரும் கிளம்பினோம். கிள்ளானுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலை முழுக்க இவர் மற்ற ஃபோர் வீல்களை எண்ணிக்கொண்டே வந்தார். சின்னவளும் கூடச் சேர்ந்து கத்தினாள். எனக்கு இரவு வேலை முடிந்து சரியாகத் தூங்காத தலைவலி.

ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் அது நின்றது. முதல் பார்வையிலேயே எனக்குப் பிடிக்கவில்லை. கரும்பச்சை நிறம், கீழ்ப்பாதி மட்டும் வெள்ளி. முன்னால் இரும்புக் குழாயை வளைத்து மாட்டிய ஒரு தடுப்பு, யாரையோ முட்டித் தள்ளுவதற்கென்றே பிறந்தது மாதிரி. பின்கதவில் உபரி டயரைத் தொங்கவிட்டு அதற்கு ஒரு உறை. உறையில் பாறை மேல் நிற்கும் கழுகுப் படம். இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பாசாருக்கும் போய்வர எதற்குக் கழுகு? எங்கள் அடுக்குமாடியின் கீழே இதை எங்கே நிறுத்துவது என்று நினைத்தேன். அவசரப் பிரிவுக்கு வரும் மோட்டார் சைக்கிள் பையன்களின் கால்கள் நினைவுக்கு வந்தன. அந்த இரும்புக் குழாய் சரியாக அவர்கள் தொடை உயரத்தில் இருந்தது.

அண்ணன் வாசலிலேயே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் அருகில் விற்பனையாளன். வயது முப்பது இருக்கலாம், நம்ம ஆள்தான். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மூச்சு முட்டும் அளவுக்கு வாசனைத் திரவியம். அவன் என் கணவரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"பாஸ், உங்கள பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. உங்கள மாதிரி ஆளுக்கு இந்த வண்டிதான். இதுல போனா எவனும் ஹாரன் அடிக்க மாட்டான் பாஸ். ஒதுங்கிப் போயிடுவான்."

என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதுவரை நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு, வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தார். டயரை ஷூவால் தட்டினார். வீட்டில் ஒரு பல்பு போனால்கூட என்னைக் கூப்பிடும் மனிதர், இன்ஜினைத் திறந்து காட்டச் சொல்லி, உள்ளே குனிந்து, "ம்... ம்..." என்று தலையாட்டினார். விற்பனையாளனும் "கரெக்ட் பாஸ், கரெக்ட் பாஸ்" என்றான். அவர் எதுவும் கேட்கவே இல்லை. இவன் எதற்குக் கரெக்ட் என்றான் என்று தெரியவில்லை. பார்க்கவே கூசியது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என்னிடம் அவன் பேசியது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, உள்ள லிப்ஸ்டிக் போடக் கண்ணாடி இருக்கு. ஏறிப் பாருங்க."

ஏறினேன். அவ்வளவு உயரத்துக்குச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுவதே ஒரு அவமானமாக இருந்தது. பெண்கள் இருவரும் ஏற்கனவே பின்னால் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். இருக்கைகளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. முன்பக்கம் ரேடியோவுக்கு மேலே வட்ட வட்டமாகக் கருவிகள். வண்டி எவ்வளவு சாய்கிறது என்று அவை காட்டுமாம். கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விற்பனையாளன் சாவியைத் திருகி ஏர்கானைப் போட்டான்.

முதலில் பண்டான் இலை வாசனை வந்தது. டாக்சிக்காரர்கள் பின்கண்ணாடிக்கடியில் கட்டுக் கட்டாகப் போட்டு வைப்பார்களே, அந்த வாசனை. நல்ல வாசனைதான், நான் சோற்றில் போடுகிற இலைதான். ஆனால் புது வண்டியில் அது எதற்கு என்று குனிந்து பார்த்தேன். என் இருக்கைக்குக் கீழே ஒரு கட்டு. கணவர் இருக்கைக்குக் கீழே இன்னொரு கட்டு. பின் இருக்கைகளுக்குக் கீழேயும் கட்டுகள். சில இலைகள் வாடிப் பழுப்பாகியிருந்தன. அதற்குமேல் ஏதோ எலுமிச்சைத் தைலம் வேறு தெளித்திருந்தார்கள்.

ஏர்கான் நன்றாகக் குளிர்ந்ததும் இலை வாசனைக்கு அடியிலிருந்து அது எழுந்து வந்தது. ஈரச் சாக்கு. அழுகின புல். சாக்கடை. எண்ணெய். செத்த மீன். இவை எல்லாம் சேர்ந்து ஊறி, காய்ந்து, மறுபடி ஊறினால் வரும் ஒரு வீச்சம். என் தொண்டையே அதை அடையாளம் கண்டுகொண்டது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

நானும் அண்ணனும் வளர்ந்தது கிள்ளான் ஆற்றங்கரையில் ஒரு கம்பத்தில், அதாவது சின்னக் கிராமத்தில். பலகை வீடு, தகரக் கூரை. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது ஆறு வீட்டுக்குள் வந்தது. அண்ணன் என்னைத் தோளில் உட்காரவைத்து, கழுத்தளவு தண்ணீரில் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனான். தண்ணீர் வடிந்து திரும்பி வந்தபோது வீடு முழுக்கச் சேறு. அரிசி மூட்டை வெடித்து, அரிசி ஊறி, புளித்துப் பொங்கிக் கிடந்தது. அலமாரிக்குப் பின்னால் ஒரு நாய் செத்து ஊதியிருந்தது. அம்மா பலகையைத் தேய்த்துத் தேய்த்துக் கை புண்ணாகிப் போனது. வீச்சம் மட்டும் போகவில்லை. மழை பெய்து பலகை ஈரமானால் மறுபடியும் கிளம்பிவரும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். சட்டையிலும் தலைமுடியிலும் அதுதான்.

அதே வீச்சம்தான் இந்தப் புது வண்டியில் வந்தது.

"என்னங்க, ஏதோ நாறுது" என்றேன்.

"புது லெதர் வாசனதான்க்கா" என்று விற்பனையாளன் வெளியிலிருந்து சொன்னான்.

"லெதர் இல்ல தம்பி. சேத்து நாத்தம்."

என் கணவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு ஆஸ்பத்திரி நாத்தம் மூக்குலயே இருக்கு" என்றார், அவன் காதில் விழும்படி. அவன் சிரித்தான். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

நான் இறங்கிப் பின்னால் போனேன். விபத்துகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் காரில் ஏறினாலும் பிள்ளைகளுக்கு முதலில் பெல்ட்டைத் தேடுவேன். பின்னால் பெல்ட் போடும் வழக்கம் அப்போது யாருக்கும் இல்லை, என்னைக் கேலி செய்வார்கள். சின்னவளை உட்காரவைத்துப் பெல்ட்டை இழுத்தேன். பாதி வந்து நின்றுவிட்டது. இன்னும் பலமாக இழுத்தேன். சரசரவென்று ஏதோ உதிர்ந்தது. உள்ளே சுருண்டிருந்த பகுதி வெளியே வந்தபோது, மேலே தெரிந்த பகுதிபோல் அது சாம்பல் நிறமாக இல்லை. காய்ந்த பழுப்புச் சேறு அதில் ஏடு ஏடாக ஒட்டியிருந்தது. சின்னவளின் வெள்ளைக் கவுனில் பொடிப்பொடியாகக் கொட்டியது. நடுவில் ஒரு இடத்தில் பாசி படிந்து ஈரம் காயாமலே இருந்தது. அதன் மேல் என் விரல் பட்டது. வழவழவென்று இருந்தது.

வாயைப் பொத்திக்கொண்டேன். வாந்தி வரவில்லை, ஆனால் வாய் முழுக்க எச்சில் ஊறியது.

"அண்ணே" என்று கூப்பிட்டேன். "இங்க வா. வந்து மோந்து பாரு."

அண்ணன் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு மெதுவாக வந்தான். அவன் வந்ததிலிருந்து ஒருமுறைகூட வண்டிக்குள் தலையை நீட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவருகே வந்து, குனிந்து, மூச்சை இழுத்தான். அவன் மூக்கு விடைத்ததைப் பார்த்தேன். கண்கள் ஒரு கணம் என் முகத்துக்கு வந்துவிட்டு உடனே வேறு பக்கம் போய்விட்டன.

"புது வண்டி வாசம்லா பாப்பா. எல்லாப் புது வண்டியும் இப்படித்தான்" என்றான்.

பெல்ட்டை அவன் முன்னால் நீட்டினேன். "இது?"

"கப்பல்ல வரும்போது அழுக்காயிருக்கும். தொடச்சா போயிடும்."

விற்பனையாளன் அதற்குள் ஒரு ஈரத் துணியோடு ஓடிவந்தான். "நாங்க மாத்திக் கொடுத்துடுவோம்க்கா, சின்ன விஷயம்" என்று பெல்ட்டைத் துடைத்தான். துடைத்த துணியை மடித்து, அதே துணியால் டாஷ்போர்டைத் துடைத்தான். என் கணவர் இன்னும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் பிள்ளைகள் இருவரையும் இறக்கினேன். அப்போது ஷோரூமுக்குள் ஒரு மலாய்க் குடும்பம் வந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் அவள் கணவனும். விற்பனையாளன் எங்களை விட்டுவிட்டு அவர்களிடம் சிரித்துக்கொண்டு போனான். அவர்கள் நேராக இந்தப் பச்சை வண்டியிடம்தான் வந்தார்கள். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

நான் அவளிடம் மலாயில் சொன்னேன். இது புது வண்டி இல்லை, வெள்ளத்தில் மூழ்கி எடுத்தது, குழந்தையை உள்ளே உட்கார வைக்காதீர்கள் என்றேன். வெள்ளத்துக்கு மலாயில் சொல்லும் பஞ்சிர் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததுமே அவள் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். ஆற்றங்கரை ஊரில் அந்த வார்த்தையை யாருக்கும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

விற்பனையாளன் வாயிலிருந்த 'அக்கா', 'பாஸ்' எல்லாம் அந்த நொடியே போயிற்று. "ஏம்மா, வாங்குனா வாங்கு, இல்லன்னா போ. அடுத்தவன் பொழப்புல மண்ணப் போடாத!" என்று கத்தினான். அண்ணன் என்னைப் பார்த்து, "உனக்கு என்ன பைத்தியமா?" என்றான். அதன் பிறகுதான் என் கணவர் வண்டியிலிருந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது. அவர் கோபம் விற்பனையாளன் மேல் இல்லை, என் மேல்தான். "வா போலாம்" என்று சொல்லி முன்னால் நடந்துவிட்டார்.

வீடு திரும்பும் வழி முழுக்க அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். பாதி வழியில் ஒருமுறை மட்டும், "கழுவுன தண்ணியாவும் இருக்கலாம்ல?" என்றார். அவர் குரலில் இருந்த ஆசை எனக்குப் பெல்ட்டில் இருந்த பாசியைத் தொட்டது போலவே இருந்தது. சின்னவளின் கவுனிலிருந்து அந்த வீச்சம் எங்கள் காருக்குள்ளும் வந்துவிட்டது. கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கவுனைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். துவைக்க மனம் வரவில்லை.

அன்று சாயங்காலமே அண்ணன் வந்துவிட்டான். உட்காரக்கூட இல்லை. என் கணவர் ஹாலில் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டிருந்தார், படிக்கவில்லை. நான் சமையலறையில் இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் கொதிக்கவிட்டிருந்தேன். அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அத்தன பேர் முன்னால என் மானத்த வாங்கிட்ட. அந்தப் பையன் இனிமே என் மூஞ்சில முழிப்பானா?"

"அந்த வண்டி தண்ணியில கெடந்ததுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லு."

அவன் கொஞ்சம் தயங்கினான். பொய் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"தெரியும்லா. ஸ்டோர்ல தண்ணி பூந்துடுச்சு. இன்ஜின் எல்லாம் கழட்டிச் சுத்தம் பண்ணிட்டாங்க. அதனாலதான் அந்த வெலைக்கு வந்தது. மாப்ள ஆசப்பட்டாரு, உங்க வசதிக்கு வேற எப்படி ஃபோர் வீல் வாங்குவீங்க? உங்களுக்காகத்தான் பேசினேன்."

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா வாங்குவீங்களா?"

இதை அவன் மிகச் சாதாரணமாகக் கேட்டான். நான் முட்டாள்தனமான கேள்வி கேட்டதுபோல.

"அண்ணே, என் பிள்ளைங்க உக்காரப்போற வண்டி அது."

"சேறு என்ன விஷமா? நீயும் நானும் அதுல படுத்துத் தூங்குனவங்கதான? செத்தா போயிட்டோம்?"

அடுப்பை அணைத்தேன். என்னைத் தோளில் தூக்கிப்போனவன், அந்த வீச்சத்தோடு அதே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவன். அம்மாவின் புண்ணான கைக்கு மஞ்சள் அரைத்துப் பூசியதும் இவன்தான். அதெல்லாம் அவனுக்கு மறந்துபோயிருந்தால் மன்னித்திருப்பேன். மறக்கவில்லை. எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டுதான், அதையே ஒரு நியாயமாகத் தூக்கிக்கொண்டு வந்து என் சமையலறை வாசலில் நிற்கிறான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. கூடப் பிறந்தவன் மேல் அப்படி ஒரு உணர்ச்சி வரும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

ஹாலில் செய்தித்தாள் மடிக்கும் சத்தம் கேட்டது. கணவர் எழுந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வழக்கம்போல, "சாப்பிட்டுப் போங்க மச்சான்" என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

"மச்சான், இவளுக்கு நைட் டியூட்டி இருக்கு. நீங்க கெளம்புங்க" என்றார்.

எனக்கு அன்று டியூட்டி இல்லை. அது அண்ணனுக்கும் தெரியும். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப்போனான். எங்கள் வீட்டிலிருந்து அவன் சாப்பிடாமல் போனது அதுதான் முதல் தடவை. அன்று இரவு கணவரும் அதிகம் சாப்பிடவில்லை. "அந்த ஷோரூம் பையன்கூட சேந்து ஒன்னப் பாத்துச் சிரிச்சேன் இல்ல" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். ஃபோர் வீல் பேச்சும் அத்தோடு நின்றது. பழைய காரையே இன்னும் பல வருடம் ஓட்டினார்.

அந்த வருட இறுதியில் பெரியவள் வயதுக்கு வந்தாள். சடங்கு வைக்கவேண்டும். தாய்மாமன் இல்லாமல் எப்படிச் சடங்கு? வேறு யாரையாவது நிறுத்தலாமா என்று நான் கேட்டபோது என் கணவரே, "ஊரு என்ன சொல்லும்? வரட்டும் விடு" என்றார். அண்ணன் வந்தான். தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்தான். ஆப்பிள், ஆரஞ்சு, பட்டுச் சேலை, தங்கச் சங்கிலி. எதிலும் குறை வைக்கவில்லை. மண்டபத்தில் எல்லோரும், மாமன் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்றார்கள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மகளை மணையில் நிறுத்தி மாலையை அவன் கையில் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் குங்குமத் தட்டோடு நின்றேன். அண்ணன் மாலையைப் பிரித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"அந்த வண்டி போயிடுச்சு, தெரியுமா? கேரி தீவுப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிராணி வாங்கிட்டாரு. குடும்பமே சந்தோசமா ஓட்டுது. இதுவரைக்கும் ஒரு கம்ப்ளேன் இல்ல. நீதான் பாப்பா அவசரப்பட்டுட்ட."

என்னைச் சமாதானம் செய்வதாக நினைத்துத்தான் சொன்னான். முகத்தில் சிரிப்பு இருந்தது. எனக்கு இன்னும் கோபம் இருக்கும், அதைத் தீர்த்துவைக்க இது நல்ல செய்தி என்று அவன் உண்மையிலேயே நம்பினான். அந்தத் தோட்டக் குமாஸ்தா வீட்டில் எத்தனை பிள்ளைகளோ என்று நினைத்தேன். மழை பெய்து கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே என்ன வாசம் வரும், அதை அவர்கள் என்னவென்று நினைத்துக்கொள்வார்கள்?

"மாலையப் போடு. நேரம் ஆகுது" என்றேன்.

போட்டான். என் மகள் குனிந்து அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவன் இரண்டு கையையும் அவள் தலையில் வைத்து நல்லா இரு என்று சொன்னபோது அவன் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் தலையிலிருந்து அந்தக் கைகளைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது. படம் எடுப்பவர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். தட்டை அண்ணி கையில் கொடுத்துவிட்டு, நான் பந்தியைக் கவனிக்க உள்ளே போய்விட்டேன்.